விற்ற பின் திருத்தம்

1985-ஆம் ஆண்டு ஜப்பானில் நிண்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ ஆட்டத்தில் ஒரு பிழை உண்டு, தோழியரே. ஓரிடத்தில் சுவரை ஊடுருவிச் சென்று குழாயில் இறங்கினால், மாரியோ ஒரு நீர்க்கட்டத்தில் அகப்பட்டுக் கொள்வான். எத்தனை முறை நீந்திக் கடந்தாலும் தொடங்கிய இடத்திற்கே வருவான். அக்காலத்தில் ஆட்டம் முழுவதும் கார்ட்ரிட்ஜில் உள்ள சில்லில் பதிக்கப்பட்டிருந்தது. அச்சேறிய புத்தகம் போல, விற்றபின் அதை மாற்ற இயலாது. (பிள்ளைகள் அந்தப் பிழையையே தேடிப் பிடித்து விளையாடியது வேறு கதை!)

இக்காலக் கருவிகளோ திருத்திய பகுதிகளை இணையத்தின் வழியே இறக்கித் தம் நினைவகத்தில் வைத்துக் கொள்கின்றன. நல்ல வசதிதான். ஆனால் ‘பிறகு சரி செய்யலாம்’ என்ற துணிவும் கூடவே வந்துவிட்டது.

போலந்து நாட்டின் சிடி ப்ராஜெக்ட் நிறுவனம் 2020 டிசம்பர் 10 அன்று ‘சைபர்பங்க் 2077’ ஆட்டத்தை வெளியிட்டது. பிளேஸ்டேஷன் 4 கருவியில் அது தடுமாறித் தடுமாறி நின்றது. ஏறத்தாழ ஒரு வாரத்தில் சோனி நிறுவனம் தன் இணையக் கடையிலிருந்து அதை நீக்கி, பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. மறுபடி அது அங்கே விற்பனைக்கு வந்தது 2021 ஜூனில்தான். திருத்தங்கள் தொடர்ந்தன. 2023 செப்டம்பரில் வந்த பெரிய திருத்தம் ஆட்டத்தையே புதுப்பித்தது, பலரும் பாராட்டினர். ஆனால் அது பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் கருவிகளுக்குத் தரப்படவில்லை. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. முதல் நாளே முழு விலை கொடுத்து அக்கருவிகளுக்காக வாங்கியவர்கள், புதுக் கருவி ஒன்றும் வாங்கினால்தான் அத்திருத்தத்தைப் பெற முடியும்.