ஜூரிக்கு வழங்கும் அறிவுரையும் வழக்குரைஞரின் தவறும்
அமெரிக்கக் குற்ற மேல்முறையீட்டில் ஒரு சிக்கல்

ஜூரி முறையில் உண்மை எது என்று முடிவு செய்வது ஜூரியின் பணி. சட்டம் எது என்று எடுத்துரைப்பது நீதிபதியின் பணி. குற்றத்தின் கூறுகள் யாவை, மெய்ப்பிக்கும் பொறுப்பு யாருடையது, நியாயமான ஐயம் என்றால் என்ன என்பனவற்றை, ஜூரி தனியறைக்குச் செல்லுமுன் நீதிபதி விளக்குகிறார். இவ்வறிவுரை பிறழ்ந்தால் ஜூரியின் முடிவும் பிறழ இடமுண்டு.

இது நமக்கு முற்றிலும் புதிய செய்தியன்று. 1959இல் நானாவதி வழக்கில் பம்பாய் ஜூரி, 8க்கு 1 என்ற பெரும்பான்மையில், குற்றவாளியல்லர் என்று கூறியது. அதனை ஏற்க இயலாத செஷன்ஸ் நீதிபதி வழக்கை உயர் நீதிமன்றத்திற்கு அனுப்பினார். ஜூரிக்கு அளித்த அறிவுரையிலேயே பிழைகள் உள்ளன என்று உயர் நீதிமன்றம் கண்டது. 1961இல் உச்ச நீதிமன்றமும் அதனை ஏற்றது. 1974 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைத் தொகுப்பில் ஜூரிக்கு இடமில்லை. அமெரிக்காவிலோ ஜூரி விசாரணை அரசியலமைப்பு உரிமையாக இன்றும் தொடர்கிறது.

அங்கே கூட்டாட்சி நீதிமன்றங்களின் குற்ற நடைமுறை விதி 30இன்படி, அறிவுரையில் குறை காணும் தரப்பினர், ஜூரி கலந்தாய்வுக்குச் செல்லுமுன்னரே காரணம் காட்டி ஆட்சேபிக்க வேண்டும். ஆட்சேபிக்கத் தவறினால், வெளிப்படையான பெரும்பிழை என்ற குறுகிய வாயில் மட்டுமே மேல்முறையீட்டில் எஞ்சும். ஆகவே, வழக்குரைஞர் சில நிமிடங்கள் வாளாவிருந்தால் அதன் விளைவைக் கட்சிக்காரர் பல்லாண்டுகள் சுமக்க நேரிடும்.

1973இல் தீர்க்கப்பட்ட கீபிள் வழக்கு இதனை நன்கு விளக்கும். தெற்கு டக்கோட்டாவில் பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்ட பகுதியில், குடித்தபின் நிகழ்ந்த தாக்குதலில் ஒருவர் இறந்தார். கடுங்காயம் விளைவிக்கும் நோக்குடன் தாக்கினார் என்பதே குற்றச்சாட்டு. சாதாரணத் தாக்குதல் என்ற சிறு குற்றத்தையும் ஜூரி கருதலாம் என அறிவுறுத்துமாறு எதிர்த்தரப்பு வழக்குரைஞர் கேட்டார், நீதிபதி மறுத்தார். பெருங்குற்றம் அல்லது விடுதலை என்ற இரண்டே வழிகள் ஜூரியின்முன் இருந்தன. ஏதோ ஒரு குற்றம் செய்தார் என்பது தெளிவாக இருந்து, பெருங்குற்றத்தின் ஒரு கூறு மட்டும் ஐயத்திற்குரியதாக இருக்கும்போது, ஜூரி அவரை விடுவிக்கத் தயங்கித் தண்டனைப் பக்கமே சாயக்கூடும் என்று கூறி, உச்ச நீதிமன்றம் தண்டனையை நீக்கிற்று.

இங்கு வழக்குரைஞர் கேட்டார். எனவே மறுப்பை நேரே எதிர்த்து வாதிட முடிந்தது. அவர் கேளாதிருந்தால்? அப்போது கட்சிக்காரர் நீதிபதியைக் குறைகூற இயலாது. தம் வழக்குரைஞரையே குறைகூற வேண்டும்.

சோதனையின் இரு படிகள்

வழக்குரைஞரின் துணை பெறும் உரிமை ஆறாவது திருத்தத்தில் உள்ளது. ஏழைகளுக்கு அரசே வழக்குரைஞரை அமர்த்த வேண்டும் என்று 1963இல் கிடியன் வழக்கு கூறிற்று. அத்துணை பயனுள்ளதாயிருந்ததா என்பதை அளக்கும் கோல் 1984ஆம் ஆண்டு ஸ்டிரிக்லண்ட் தீர்ப்பாகும். வழக்குரைஞரின் செயல், தொழிலுக்குரிய நியாயமான தரத்திற்குக் கீழ் இருந்திருக்க வேண்டும். அத்துடன், அவர் தவறாதிருந்தால் முடிவு வேறாயிருக்கும் என்பதற்கு நியாயமான வாய்ப்பும் காட்டப்பட வேண்டும்.

முதற்படியில் தடையாவது உத்தி என்ற விடை. சிறு குற்றம் பற்றிய அறிவுரையைக் கேட்டால் ஜூரி நடுவழியில் உடன்பட்டுவிடும். கேளாவிட்டால் முழு விடுதலை கிடைக்கலாம் என்று வழக்குரைஞர் கணக்கிட்டிருக்கக் கூடும். அறிந்தே செய்த இத்தகைய தேர்வில் நீதிமன்றங்கள் எளிதில் தலையிடுவதில்லை. சட்டத்தை அறியாமல் வாளாவிருந்தது வேறு. ஆனால் வழக்கு ஏட்டில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.

இரண்டாம் படி இதனினும் கடினமானது. ஜூரி காரணம் கூறுவதில்லை. உள்ளே என்ன பேசினீர்கள் என்று பின்னர் ஜூரர்களைக் கேட்பதையும் கூட்டாட்சிச் சான்று விதி 606 பெரும்பாலும் தடுக்கிறது. ஆகவே, ஒருமுறை கூட நேரிற் கேட்க முடியாத மனங்கள் வேறு அறிவுரை பெற்றிருந்தால் எவ்வாறு முடிவு செய்திருக்கும் என்பதை ஊகத்தால் நிறுவ வேண்டியுள்ளது. 1993இல் சல்லிவன் வழக்கில், நியாயமான ஐயம் பற்றிய பிழையான அறிவுரை தீங்கற்ற பிழை என்று தள்ளப்படத்தக்கதன்று என உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் 2017ஆம் ஆண்டின் வீவர் வழக்கு, அடிப்படைப் பிழையாயினும், உரிய காலத்தில் ஆட்சேபிக்காமல் வழக்குரைஞரின் தவறாகப் பின்னர் எழுப்பினால் பாதிப்பை மெய்ப்பிக்க வேண்டும் என்று கொண்டது. அவ்வழக்கில் பிழை, ஜூரர் தேர்வின்போது பொதுமக்களை நீதிமன்றத்துள் விடாதது. பிழை ஒன்றே, அதனைச் சொன்ன நேரம் பலனை மாற்றுகிறது.

துணையற்ற நிலை

வழக்குரைஞர் ஏன் அவ்வாறு செய்தார் என்பது விசாரணை ஏட்டில் இராது. அதனால் இக்குறையை நேரடி மேல்முறையீட்டில் எழுப்பாமல் பின்னர் தனி மனுவாகக் கொணரலாம் என்று கூட்டாட்சி வழக்குகளுக்கு 2003இல் மஸ்ஸாரோ தீர்ப்பு வழிசெய்தது. அம்மனு விசாரணையில் புதுச் சான்றுகள் ஏற்கப்படும். ஏற்பாடு அறிவுக்குகந்ததே. ஆயினும் அந்நிலையில் அரசுச் செலவில் வழக்குரைஞர் பெறும் அரசியலமைப்பு உரிமை இல்லை என்று 1987இல் ஃபின்லி வழக்கு முன்னரே கூறிவிட்டது. 1996ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய கூட்டாட்சி மனுக்களுக்கு ஓராண்டுக் காலவரம்பும் விதித்தது. தன் வழக்குரைஞர் திறமையற்றவர் என்பதை, வழக்குரைஞர் இன்றிச் சிறையிலிருந்தே ஒருவர் மெய்ப்பிக்க வேண்டியதாகலாம். நிதி ஒதுக்கீடு எந்தப் படியில் நிற்கிறதோ அந்தப் படியிலேயே உரிமையும் நின்றுவிடுவது, பொருளாதார மாணவர்க்கு வியப்பளிக்காது.

இந்தியாவில் நீதிபதி காரணங்களுடன் தீர்ப்பு எழுதுவதால், பிழை எங்கே நேர்ந்தது என்பதை மேல்முறையீட்டு நீதிமன்றம் படித்தறிய முடிகிறது. ஆயினும் பெயரளவான சட்ட உதவி என்ற இடர் இங்கும் உண்டு. மரண தண்டனை விதிக்கப்பட்ட அனோகிலால் வழக்கில், குற்றச்சாட்டு வனையப்பட்ட அன்றுதான் வழக்குரைஞர் அமர்த்தப்பட்டார். விசாரணை ஏறத்தாழ இரண்டு வாரங்களில் முடிந்தது. 2019 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், சான்றுகளின் தகுதிக்குள் செல்லாமலே அத்தண்டனையை நீக்கி, மறுவிசாரணைக்கு ஆணையிட்டது. ஆயுள் அல்லது மரண தண்டனைக்குரிய வழக்குகளில் குறைந்தது 10 ஆண்டுத் தொழில் அனுபவம் உடையவரையே அமர்த்த வேண்டும் என்றும், ஆயத்தம் செய்யப் பொதுவாக 7 நாட்களேனும் தரவேண்டும் என்றும் அத்தீர்ப்பு வரையறுத்தது.