மூன்று சுழியா, இரண்டு சுழியா?

மாணவர்களே, அடுத்த முறை மாசாய் கடைவீதியில் நடக்கும்போது பெயர்ப்பலகைகளைப் படிக்காதீர்கள். எழுத்துகளின் உருவத்தை மட்டும் பாருங்கள். சில பலகைகளில் கோடு முழுவதும் ஒரே தடிமனில் இருக்கும். நகை, பட்டு, பூ விற்கும் இடங்களில் பெரும்பாலும் வேறு மாதிரி. கோடு ஓரிடத்தில் தடித்து, இன்னோரிடத்தில் மயிரிழையாக மெலிந்து, முனைகளில் சிறு கொம்போ காலோ முளைத்திருக்கும்.

அந்தச் சிறு காலுக்குச் செரிஃப் என்று பெயர். ரோமன் எழுத்து ‘ஐ’யின் தலையிலும் அடியிலும் குறுக்கே நிற்கிறதே, அதுதான். ரோம் நகரில் கி.பி. 113இல் எழுப்பப்பட்ட டிராஜன் தூணின் கல்வெட்டில் அதன் அழகான வடிவத்தைக் காணலாம். கல்லில் உளி நின்ற இடம்தான் செரிஃப் என்று பலர் எண்ணியிருந்தார்கள். எட்வர்ட் காட்டிச் என்ற அமெரிக்கப் பாதிரியார் அதை மறுத்தார். அவர் இளமையில் விளம்பரப் பலகை எழுதியவர்; தூரிகை பிடித்த கை. எழுத்துகளை முதலில் தட்டைத் தூரிகையால் கல்லில் எழுதி, பிறகுதான் வெட்டினார்கள். தூரிகையைத் திருப்பி எடுக்கும்போது விழும் தடமே செரிஃப் என்று 1968இல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார்.

நம் எழுத்தின் கதை வேறு. பனையோலையில் எழுத்தாணியால் கீறினார்கள். கூரிய முனை எந்தப் பக்கம் திரும்பினாலும் கோட்டின் தடிமன் மாறாது. ஆகவே தமிழுக்குச் செரிஃப் பிறவியிலேயே கிடையாது. இன்று தமிழில் ‘செரிஃப்’ எழுத்துரு செய்பவர்கள் தூரிகையின் மற்றொரு குணத்தைத்தான் முக்கியமாகக் கடன் வாங்குகிறார்கள்: தடிப்பும் மெலிவும். கூகுளின் நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ் இரண்டையும் கணினியில் பக்கம் பக்கமாக வைத்து ‘அ’ என்று தட்டிப் பாருங்கள். வேறுபாடு உடனே தெரியும்.

இந்தத் தடிப்பு–மெலிவு விளையாட்டை உச்சத்துக்குக் கொண்டு போனவர்களில் ஒருவர் இத்தாலியின் போடோனி (1740–1813). தலைப்பளவில் அவருடைய எழுத்து கண்ணைப் பறிக்கும். சின்னதாக அச்சிட்டால் மெல்லிய கோடுகள் மங்கிப்போகும். தலைப்புக்கு ஓர் எழுத்துரு, பத்திக்கு வேறோர் எழுத்துரு என்று வைத்துக்கொள்வது இதனால்தான். செரிஃப் மீது பழி போட வேண்டாம். 1932இல் லண்டன் நாளிதழ் ஒன்றுக்காக உருவான டைம்ஸ் நியூ ரோமனும் செரிஃப் எழுத்துருதான். பத்தி பத்தியாகப் படிக்கலாம்.

சரி, எந்த அளவுக்குக் கீழே போனால் எழுத்து கெடும்? இதற்குக் கணக்கு உண்டு. ஒரு பாகையை 60ஆகப் பிரித்து அதில் ஒரு பங்கை எடுங்கள். நல்ல பார்வையுள்ள கண், ஏறத்தாழ அந்தக் கோண அளவுக்கு இடைவெளி இருந்தால்தான் இரண்டு கோடுகளை இரண்டாகப் பிரித்தறியும். நெதர்லாந்து மருத்துவர் ஸ்னெல்லன் 1862இல் கண் பரிசோதனை அட்டையை இந்த அளவை வைத்தே அமைத்தார். 6 மீட்டர் தூரத்தில் அது 1.75 மில்லிமீட்டர். 60 மீட்டரில் 17.5 மில்லிமீட்டர்.

இப்போது டண்ணகரத்தை எடுத்துக்கொள்வோம். மூன்று சுழி ண, இரண்டு சுழி ன என்று ஆரம்பப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தது நினைவிருக்கிறதா? ‘ண’வின் குறுக்கே ஒரு கோடு இழுத்தால், மையும் இடைவெளியும் மாறி மாறிக் குறைந்தது ஏழு பட்டைகள் வரும். ஏழு பெருக்கல் 17.5 என்றால் 12 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். 60 மீட்டர் தொலைவிலிருந்து சுழிகளை எண்ண, ‘ண’ குறைந்தது அவ்வளவு அகலம் இருக்க வேண்டும். அதுவும் கோடும் இடைவெளியும் சமமாக இருந்தால்தான். அலங்கார எழுத்துருவில் சமம் ஏது? தடித்த கோடு இடைவெளியைத் தின்றுவிடும். மெலிந்த கோடு மங்கிவிடும். நம் ஊர்ப் பலகைகளில் மலாய் பெரிதாகவும் தமிழ் அதன் கீழே சிறிதாகவும் இருப்பதே வழக்கம். கிடைத்த சிறிய இடத்தில் இப்படி ஓர் எழுத்துருவைத் திணித்தால், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் அந்த 60 மீட்டரை 3.6 நொடியில் கடந்துவிடுவார். படித்திருக்க மாட்டார்.

கையில் பிடித்துப் படிப்பதும் தப்புவதில்லை. என் உறவினர் ஒருவரின் கல்யாணப் பத்திரிகையில் பொன்னிற அச்சு பரவி ஒரு சுழி அடைந்துவிட்டது. ‘திருமணம்’ எல்லாருக்கும் ‘திருமனம்’ ஆகிவிட்டது. எழுத்துப்பிழை என்று ஒரு தமிழாசிரியர் அச்சகத்தோடு சண்டைக்கே போனார். கணினிக் கோப்பில் சரியாகத்தான் இருந்தது! 40 சென்டிமீட்டர் தூரத்தில் கண்ணுக்குத் தேவையான இடைவெளி 0.12 மில்லிமீட்டர்தான். ஆனால் மை அதைக்கூட விட்டுவைக்கவில்லை.

எனக்கு அலங்கார எழுத்துரு பிடிக்கும். பொங்கல் விழாச் சுவரொட்டியில் விழாவின் பெயருக்கு அது பொருத்தம்: இரண்டே சொல், பெரிய அளவு, நின்று பார்க்க நேரம். அதே சுவரொட்டியில் நாள், இடம், நேரத்தை அதே எழுத்துருவில் போடுவதுதான் தவறு. மருந்துச் சீட்டிலும் பேருந்து நிறுத்தப் பெயரிலும் அதற்கு வேலையே இல்லை.

வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். ‘மனம்’, ‘மணம்’ இரண்டையும் தனித்தனித் தாளில், ஒரே அளவில், முதலில் சாதாரண எழுத்துருவிலும் பிறகு அலங்கார எழுத்துருவிலும் அச்சிடுங்கள். ஏதாவது ஒன்றைச் சுவரில் ஒட்டி, எது என்று தெரியாத நண்பரைத் தொலைவிலிருந்து நடந்து வரச் சொல்லுங்கள். சரியாகச் சொன்ன இடத்தில் தரையில் சுண்ணக்கட்டியால் கோடு போடுங்கள். பத்து முறை செய்து, இரண்டு எழுத்துருக்களுக்கும் சராசரித் தூரத்தை எடுத்து ஒப்பிடுங்கள். எழுத்தின் அகலத்தையும் அளந்து, மேலே போட்ட கணக்கோடு உங்கள் எண் எவ்வளவு நெருங்குகிறது என்று பாருங்கள். கண்ணாடி அணியும் நண்பர் என்றால் கண்ணாடியோடு ஒரு முறை, இல்லாமல் ஒரு முறை.