மன்னிக்கும் அதிகாரம்

நுழையும்முன்

தண்டனை வழங்குவது நீதிமன்றத்தின் பணி. அதனைக் குறைக்கவோ நீக்கவோ நாட்டின் தலைவருக்கு அதிகாரம் இருக்கலாமா? குற்றம் அரசியல் காரணத்தால் நிகழ்ந்ததாயின் விடை மாறுமா? தமிழ்நாடு நன்கறிந்த வழக்கொன்றின் வழியே இவ்வினாக்களை ஆராய்கிறது இப்பாடம்.

கெடிலக் கரையிலுள்ள திருவந்திபுரம், தேவநாதப் பெருமாள் கோயிலால் புகழ்பெற்றது. அதற்கு அருகே, கேப்பர் மலையில் கடலூர் மத்திய சிறை உள்ளது. அரசியல் கைதிகளுடன் கடலூருக்குள்ள தொடர்பு பழையது. 1908 முதல் புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்திருந்த பாரதியார், 1918 நவம்பரில் ஆங்கிலேயர் ஆட்சிப் பகுதிக்குள் நுழைந்ததும் கைதாகிக் கடலூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார். ஆளுநருக்கு விண்ணப்பம் எழுதினார். டிசம்பர் 14 அன்று நிபந்தனைகளுடன் விடுவிக்கப்பட்டார். அவர்மீது அப்போது வழக்கு விசாரணையே நடைபெறாததால் அதனை மன்னிப்பு என்று கூற இயலாது. சிறைக்கதவு ஆள்வோரின் விருப்பப்படி திறந்து மூடிய காலம் அது.

விடுதலை பெற்ற நாடு அவ்விருப்பத்தைச் சட்டத்திற்குள் அடக்கியது. அரசமைப்புச் சட்டத்தின் 72ஆம் பிரிவு குடியரசுத் தலைவருக்கும், 161ஆம் பிரிவு மாநில ஆளுநருக்கும் தண்டனையை மன்னிக்கவும் குறைக்கவும் நிறுத்திவைக்கவும் அதிகாரம் தருகின்றன. இருவரும் அமைச்சரவையின் அறிவுரைப்படியே செயற்பட வேண்டும். சாதி, சமயம், கட்சிச் சார்பு ஆகியவற்றை நோக்கி வழங்கப்படும் மன்னிப்பை நீதிமன்றம் நீக்கலாம் என்று 2006ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்று தெளிவாக்கியது. அமெரிக்காவில் இத்தகைய கட்டுப்பாடு இல்லை. 2021 சனவரி 6 நாடாளுமன்றத் தாக்குதலில் தொடர்புடைய ஏறத்தாழ 1,500 பேருக்கு, 2025இல் பதவியேற்ற நாளிலேயே அதிபர் டிரம்ப் மன்னிப்போ தண்டனைக் குறைப்போ வழங்கினார். அவர்களுள் பெரும்பாலோர் அவருடைய ஆதரவாளர்கள். தன் அணியினரைத் தானே மன்னிப்பது அருளாகுமா என்பது மாணவர் விவாதித்தற்குரியது.

1991 மே 21 அன்று திருப்பெரும்புதூரில் முன்னாள் தலைமையமைச்சர் இராஜீவ் காந்தி குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். காவலர், பொதுமக்கள் எனப் பலர் அவருடன் மாண்டனர். 1998இல் தனி நீதிமன்றம் 26 பேருக்கு மரண தண்டனை விதித்தது. 1999இல் உச்ச நீதிமன்றம் 19 பேரை விடுவித்து, மூவருக்கு ஆயுள் தண்டனையும் நால்வருக்கு மரண தண்டனையும் உறுதி செய்தது. நால்வருள் நளினியின் தண்டனையை 2000இல் மாநில அமைச்சரவையின் பரிந்துரைப்படி ஆளுநர் ஆயுளாகக் குறைத்தார். ஏனைய மூவரின் கருணை மனுக்கள் குடியரசுத் தலைவரிடம் சென்றன.

மறுமொழி வரப் பதினோர் ஆண்டுகளாயின! 2011 ஆகத்தில் மனுக்கள் தள்ளுபடியாயின. தூக்கிலிடும் நாளும் குறிக்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. அந்த நீண்ட காலத்தாழ்வையே காரணமாகக் காட்டி, 2014இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. 2018இல் எழுவரையும் விடுவிக்குமாறு மாநில அமைச்சரவை பரிந்துரைத்தது. ஆளுநர் இரண்டாண்டுகளுக்கு மேல் முடிவெடாதிருந்து, பின்னர்க் கோப்பைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார்.

இத்தகைய குற்றங்களுக்கு மன்னிப்பே கூடாது என்போரின் வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. தலைவரைக் கொல்வது வாக்காளரின் தேர்வையும் கொல்வதாகும். குண்டுவெடிப்பில் உற்றாரை இழந்தோர் சிலர், விடுதலையை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தை நாடினர். அவர்களுடைய துயரைச் செய்தித்தாள்கள் குறைவாகவே எழுதின. ஆனால் சதியில் ஈடுபட்டோர் அனைவரின் பங்கும் ஒன்றன்று. பத்தொன்பது வயதில் கைதான பேரறிவாளன்மீது சாட்டப்பட்டது, இரண்டு மின்கலங்கள் வாங்கித் தந்தார் என்பதாகும். தனிமனிதரின் பங்கு, வயது, சிறையில் அவர் அடைந்த மாற்றம் ஆகியவற்றை எடைபோடவே இவ்வதிகாரம் உள்ளது. குற்றத்தின் பெயர் அரசியல் என்பதற்காக அருளுவதும் தவறு. அதே காரணத்திற்காக மறுப்பதும் தவறு. எந்த முடிவாயினும் காரணத்துடன், காலத்தில் சொல்லப்பட வேண்டும். இவ்வழக்கில் சிறைப்பட்டோரும் உற்றாரை இழந்தோரும் ஒருங்கே காத்திருந்தனர்.

2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம், அமைச்சரவையின் அறிவுரை ஆளுநரைக் கட்டுப்படுத்தும் என்று கூறி, 142ஆம் பிரிவின்கீழ்ப் பேரறிவாளனை விடுவித்தது. நவம்பர் 11 அன்று ஏனைய அறுவரும் விடுதலை பெற்றனர். அவர்கள் குற்றவாளிகள் என்ற 1999ஆம் ஆண்டுத் தீர்ப்பு மாற்றப்படவில்லை.