பெருங்கணிப்பு ஆய்வாளர்: இயந்திரத்திற்கும் அறிவியலுக்கும் இடையே ஒரு பதவி

2015ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் மத்திய அரசு தேசிய மீத்திறன் கணிப்புத் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. ஏழு ஆண்டுகளில் ரூ. 4,500 கோடி செலவில், நாட்டின் உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களில் சூப்பர் கம்ப்யூட்டர் எனப்படும் மீத்திறன் கணிப்பொறிகளை நிறுவுவது அதன் நோக்கமாகும். புனேயிலுள்ள சி-டாக் நிறுவனமும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் அதனைச் செயற்படுத்தும் பொறுப்பை ஏற்றன. 2019இல் வாரணாசி ஐ.ஐ.டி.யில் 'பரம் சிவாய்' இயங்கத் தொடங்கிற்று. 2022இல் பெங்களூரில் 'பரம் பிரவேகா'வும் திருச்சி என்.ஐ.டி.யில் 'பரம் பொருள்' என்னும் கணிப்பொறியும் நிறுவப்பட்டன. 2024 செப்டம்பரில் புனே, டில்லி, கொல்கத்தா ஆகிய மூன்று நகரங்களில் 'பரம் ருத்ரா' கணிப்பொறிகள் சுமார் ரூ. 130 கோடி மதிப்பில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டன.

இயந்திரம் வந்து சேரும் நாளில் அதன் வேகம் நாளேடுகளில் வெளியாகிறது. பரம் பிரவேகாவின் உச்ச வேகம் 3.3 பெட்டாபிளாப். ஒரு பெட்டாபிளாப் என்பது நொடிக்கு ஆயிரம் இலட்சம் கோடி கணக்குகள். ஆனால் இவ்வேகம் தானாக எந்த ஆய்வாளருக்கும் கிட்டுவதில்லை. இயற்பியலரின் சமன்பாட்டை அவ்வியந்திரம் ஏற்கும் வடிவில் எழுதி, பிழை களைந்து, விடையின் நம்பகத்தன்மையை உறுதி செய்பவர் ஒருவர் இடையில் தேவைப்படுகிறார். அவரைப் பெருங்கணிப்பு ஆய்வாளர் எனலாம். அவருடைய பணி என்ன, பல்கலைக்கழகத்தில் அவருக்குரிய இடம் எது என்பவை ஆராயத்தக்கன.

உருவகக் கணிப்பு

பரிசோதனைச் சாலையில் செய்து பார்க்க இயலாதவற்றைக் கணக்கின் வாயிலாக நடத்திப் பார்ப்பதே உருவகக் கணிப்பு ஆகும். பருவமழையைச் சாலைக்குள் கொண்டுவர இயலாது. விண்மீன் உருவாவதை இருந்து பார்க்க மனித ஆயுள் போதாது. எனினும் இவற்றை ஆளும் விதிகள் சமன்பாடுகளாகக் கிடைக்கின்றன. இடத்தைச் சிறு சிறு கட்டங்களாகவும் காலத்தைச் சிறு சிறு படிகளாகவும் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வொரு படிக்கும் விடை காண வேண்டும்.

கணிப்பொறி தோன்றுவதற்கு முன்பே இம்முறையை முயன்றவர் இங்கிலாந்தின் லூயிஸ் ரிச்சர்ட்சன். ஆறு மணி நேர வானிலையைக் கையால் கணக்கிட அவருக்கு ஏறத்தாழ ஆறு வாரங்கள் பிடித்தன. விடையும் தவறாயிற்று: ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் 145 மில்லிபார் மாறும் என்று கணக்கு கூறியது; உண்மையில் அழுத்தம் அநேகமாக மாறவே இல்லை. தொடக்கத் தரவுகளில் இருந்த சமன்குலைவே இதற்குக் காரணம் என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று. 1922இல் வெளியிட்ட நூலில் அவர் இத்தோல்வியை மறைக்கவில்லை. அதே நூலில் ஒரு கற்பனையையும் வரைந்தார்: பெரியதொரு வட்ட மண்டபத்தில் 64,000 பேர் அமர்ந்து, உலகின் பகுதிகளைத் தமக்குள் பங்கிட்டுக் கணக்கிடுகின்றனர். நடுவே நிற்கும் தலைவர், மற்றவர்களை முந்திச் செல்வோர் மீது இளஞ்சிவப்பு ஒளியையும் பின்தங்குவோர் மீது நீல ஒளியையும் பாய்ச்சுகிறார். இன்றைய மீத்திறன் கணிப்பொறி இம்மண்டபமே. கணக்கிடுவோரின் இடத்தில் பிராசசர் எனப்படும் செயலிகள் இருக்கின்றன. அந்தத் தலைவரின் வேலையை முன்கூட்டியே எழுதி வைப்பவர்தாம் பெருங்கணிப்பு ஆய்வாளர்.

பங்கிடுவதில் உள்ள சிக்கல்

ஆயிரம் செயலிகளை அமர்த்தினால் வேலை ஆயிரம் மடங்கு விரைவாக முடியும் என எதிர்பார்ப்பது இயல்பு. அவ்வாறு நிகழாததற்கு 1967இல் ஜீன் அம்டால் எளிய காரணம் ஒன்றைச் சுட்டினார். ஒரே செயலியில் 20 மணி நேரம் ஓடும் கணக்கு ஒன்று உள்ளதாகக் கொள்வோம். அதில் 19 மணி நேர வேலை பங்கிடத்தக்கது. எஞ்சிய ஒரு மணி நேர வேலையை ஒன்றன்பின் ஒன்றாகவே செய்தாக வேண்டும். நூறு செயலிகள் கிடைத்தால் 19 மணி நேரம் சுமார் 11 நிமிடமாகக் குறையும். ஆயிரம் கிடைத்தால் ஒரு நிமிடத்தைச் சற்றே தாண்டும். ஆயினும் அந்த ஒரு மணி நேரம் அப்படியே நிற்கும். எத்தனை இலட்சம் செயலிகளை வாங்கினாலும் இருபது மடங்கிற்கு மேல் விரைவு கூடாது. அந்த ஒரு மணி நேரத்தைப் பத்து நிமிடமாக்க வல்லது மனித மூளையே. அதனை எவரும் ஒப்பந்தப் புள்ளி கோரி வாங்கிவிட இயலாது.

இரண்டாவது சிக்கல் எல்லைகளைப் பற்றியது. ஒரு கட்டத்தின் அடுத்த நிலையைக் கணக்கிட அதன் அண்டைக் கட்டங்களின் நிலை தெரிய வேண்டும். ஆகவே செயலிகள் ஒன்றுக்கொன்று ஓயாமல் செய்தி அனுப்பிக்கொள்கின்றன. பக்கத்திற்கு 100 புள்ளிகள் கொண்ட கனசதுரத்தில் மொத்தம் 10 இலட்சம் புள்ளிகள் உள்ளன. அவற்றுள் புறமுகங்களில் அமைந்தவை 58,808, அதாவது ஆறு விழுக்காட்டுக்கும் குறைவு. இதனை ஆயிரம் செயலிகளுக்குப் பங்கிட்டால், ஒவ்வொன்றுக்கும் பக்கத்திற்கு 10 புள்ளிகள் கொண்ட சிறு கனசதுரம் கிடைக்கும். அதன் 1,000 புள்ளிகளில் 488 புறமுகத்தில் நிற்கின்றன. ஏறத்தாழப் பாதிப் புள்ளிகள் அண்டை வீட்டாரைக் கேட்டே நடக்க வேண்டிய நிலை ஏற்படுகிறது. கணக்கிடும் நேரத்தைச் செய்திப் போக்குவரத்து விழுங்கிவிடுகிறது.

மூன்றாவதாகக் கூறத்தக்கது மாணவர்களுக்கு வியப்பளிக்கக் கூடியது. கணிப்பொறியில் கூட்டலின் வரிசை மாறினால் விடையும் மாறக்கூடும். நான்கு இலக்கங்களை மட்டுமே நினைவில் வைக்கும் இயந்திரம் ஒன்றைக் கொள்வோம். 1000 உடன் 0.4ஐக் கூட்டினால் 1000.4, நான்கு இலக்கத்தில் அது மீண்டும் 1000 ஆகிறது. இவ்வாறு மூன்று முறை கூட்டினாலும் 1000தான். மாறாக மூன்று 0.4களை முதலில் கூட்டி 1.2 ஆக்கி, பின்னர் 1000 உடன் சேர்த்தால் 1001 வருகிறது. உண்மையான இயந்திரங்களில் இலக்கங்கள் மிகுதி; பிழை மிகச் சிறிது. ஆனால் செயலிகளின் எண்ணிக்கை மாறும்போது கூட்டும் வரிசை மாறுகிறது; கோடிக்கணக்கான படிகளில் அச்சிறு வேறுபாடு வளர்ந்து, வானிலையையே வேறாகக் காட்டவும் கூடும். நேற்றைய விடைக்கும் இன்றைய விடைக்கும் உள்ள வேறுபாடு இயற்கையின் இயல்பா, நிரலின் பிழையா, கூட்டல் வரிசையின் விளைவா எனப் பிரித்தறிவதே இப்பணியின் மிகக் கடினமான பகுதி.

இத்தகைய உழைப்பின் தேவை குறையப் போவதில்லை. 2025 மே மாதத்தில் தொடங்கி வைக்கப்பட்ட 'பாரத் முன்னறிவிப்பு அமைப்பு' 6 கிலோமீட்டர் கட்டங்களில் இயங்குகிறது. புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய அமைப்பு அது. அதற்கு முந்தைய அமைப்பின் கட்டம் 12 கிலோமீட்டர். கட்டத்தின் அளவு பாதியானால் கிடைத்தளத்தில் புள்ளிகள் நான்கு மடங்காகின்றன. காலப்படியையும் பாதியாக்க வேண்டும். அவ்வாறின்றேல் கணக்கு நிலைகுலையும் என்பதை 1928இலேயே கூரண்டு, பிரீட்ரிக்ஸ், லெவி ஆகிய மூவர் நிறுவினர். ஆகவே வேலை எட்டு மடங்காகிறது. ஒரு தாலுகாவின் மழையைப் பக்கத்துத் தாலுகாவின் மழையிலிருந்து பிரித்துச் சொல்ல நாம் கொடுக்கும் விலை இது.

அடிக்குறிப்பில் ஒரு பெயர்

கணிப்பொறியில் செய்யப்பட்ட முதல் அறிவியல் பரிசோதனைகளுள் ஒன்று 1950களில் அமெரிக்காவின் லாஸ் அலமாசில் நடைபெற்றது. சுருள்வில்களால் பிணைக்கப்பட்ட பொருள்களின் வரிசையில் ஆற்றல் எவ்வாறு பரவுகிறது என்பதைப் பெர்மி, பாஸ்தா, உலாம் ஆகியோர் 'மேனியாக்' கணிப்பொறியில் ஆராய்ந்தனர். ஆற்றல் எங்கும் சமமாகப் பரவும் என எதிர்பார்த்தனர். அதுவோ திரும்பித் தொடங்கிய இடத்திற்கே வந்தது. இயற்பியலில் ஒரு புதிய துறைக்கே இது வித்திட்டது. 1955ஆம் ஆண்டு அறிக்கை அம்மூவர் பெயரையே ஆசிரியர்களாகத் தாங்கியது. நிரலை எழுதி இயந்திரத்தை ஓட்டிய மேரி சிங்கூ என்னும் பெண்மணிக்கு அடிக்குறிப்பில் நன்றி கூறப்பட்டது. அவருடைய பங்கை வலியுறுத்தும் கட்டுரை 2008இல் வெளிவந்த பின்னரே அவர் பெயரையும் இணைத்து அப்பரிசோதனையைக் குறிப்பிடும் வழக்கம் பரவிற்று. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆன இத்தாமதம் ஒரு தனி மனிதருக்கு நேர்ந்த குறை மட்டுமன்று. நிரல் எழுதுவதை அறிவியலாகக் கருதாத பழக்கத்தின் விளைவும் ஆகும்.

நம் நாட்டு அனுபவம்

நம் நாட்டில் தொடக்க ஆண்டுகளில் இச்சிக்கல் இவ்வளவு கூர்மையாக எழவில்லை. 1980களில் சக்தி வாய்ந்த கணிப்பொறிகளை விற்க அமெரிக்கா கட்டுப்பாடுகள் விதித்தது. கிரே கணிப்பொறி ஒன்று நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பின் வானிலை முன்னறிவிப்புப் பணிக்கென டில்லிக்குக் கிடைத்தது. பிறருக்கு வேறு வழியில்லாமையால் இயந்திரத்தைக் கட்டியவர்களும் அதில் கணக்கிட்டவர்களும் பெரும்பாலும் ஒரே குழுவினராய் இருந்தனர். பெங்களூர் தேசிய வானூர்தி ஆய்வகத்தில் பாய்ம இயக்கவியல் கணக்குகளுக்காக 1986இல் 'புளோசால்வர்' உருவாயிற்று. 1988இல் தொடங்கப்பட்ட சி-டாக் 1991இல் 'பரம் 8000' கணிப்பொறியை அளித்தது. 2004இல் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தில், அடிப்படைத் துகள்களின் கணக்குகளுக்கென 144 கணிப்பொறிகளை இணைத்து அமைக்கப்பட்ட 'கப்ரு' உலகின் முதல் ஐந்நூறு கணிப்பொறிகளின் பட்டியலில் இடம் பெற்றது.

பின்னர் இயந்திரங்கள் பெருகின. கிராபிக்ஸ் செயலிகள் புகுந்தன. நிரல்கள் இலட்சக்கணக்கான வரிகளாக வளர்ந்தன. பேராசிரியர் தாமே எழுதி முடிக்கும் காலம் கடந்துவிட்டது. பணி, திட்ட ஆய்வாளர்களிடம் சேர்ந்தது.

பதவியின் நிலை

திட்டப் பணிகளில் இளநிலை ஆய்வாளருக்கு மாதம் ரூ. 37,000, முதுநிலை ஆய்வாளருக்கு ரூ. 42,000, முனைவர் பட்டம் பெற்ற ஆய்வு இணையருக்கு ரூ. 58,000 முதல் ரூ. 67,000 வரை என 2023 ஜனவரி 1 முதல் உதவித்தொகை உயர்த்தப்பட்டது. வீட்டு வாடகைப்படி தனி. இவ்வுயர்வு வரவேற்கத்தக்கதே. ஆனால் இடர்ப்பாடு தொகையில் மட்டும் இல்லை. இப்பணிகள் திட்டத்தோடு தொடங்கித் திட்டத்தோடு முடிபவை. இயற்பியலோ பொறியியலோ கற்றவர் போர்ட்ரான், சி++ மொழிகளையும் செய்தி பரிமாறும் முறையையும் பயின்று, பிறர் எழுதிய பழைய நிரலொன்றைப் புரிந்துகொள்வதற்குள்ளாகவே ஓராண்டு கழிந்துவிடும். அவர் பயன்படத் தொடங்கும் வேளையில் திட்டக் காலம் முடிவை நெருங்குகிறது. அதே திறமையைத் தேடும் தனியார் நிறுவனங்கள் வெளியே காத்திருக்கின்றன.

மூன்று கால அளவுகளை ஒப்பிட்டால் நிலைமை விளங்கும். பெங்களூர் அறிவியல் கழகத்தில் 2015இல் 'சகஸ்ரா-டி' வந்தது; 2022இல் பிரவேகா வந்தது. ஓர் இயந்திரத்தின் காலம் இவ்வாறு ஏழாண்டு அளவில் அமைகிறது. நிரலோ இருபது, முப்பது ஆண்டுகள் வாழ்ந்து, ஒவ்வொரு புதிய இயந்திரத்திற்கும் இடம் பெயர்க்கப்பட வேண்டியதாகிறது. அதை அறிந்த மனிதர் மட்டும் ஈராண்டு, மூவாண்டுகளில் விடைபெறுகிறார். மிக நீண்ட ஆயுளுடைய பொருளை மிகக் குறுகிய காலப் பணியாளரிடம் ஒப்படைத்திருக்கிறோம்.

நிரந்தரப் பதவிகளை உருவாக்க நிதித்துறையினர் தயங்குவதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஊதியமும் ஓய்வூதியமும் பல்லாண்டுப் பொறுப்புகள். இன்றைய தொழில்நுட்பம் நாளை பழையதாகலாம். ஆயினும் செலவின் அளவைப் பார்க்க வேண்டும். மூன்று பரம் ருத்ரா கணிப்பொறிகளின் மதிப்பைச் சராசரியாகப் பங்கிட்டால் ஒன்றுக்குச் சுமார் ரூ. 43 கோடி வருகிறது. ஆய்வு இணையரின் உச்ச உதவித்தொகை அளவில் ஐவரை அமர்த்த ஆண்டுக்கு ரூ. 40.2 இலட்சம் ஆகும். இயந்திரத்தின் விலையில் இது ஒரு விழுக்காட்டை எட்டவில்லை. நிலையான ஊதிய விகிதத்தில் இது இருமடங்கானாலும் இரண்டு விழுக்காட்டைத் தாண்டாது. தொழில்நுட்பம் மாறும் என்ற அச்சத்திற்கும் விடை உண்டு. செயலிகள் மாறினும், பங்கிடுதல், எல்லைச் செய்தி, கூட்டல் வரிசை ஆகிய மூன்று சிக்கல்களும் மாறவில்லை. அவற்றை அறிந்தவர் புதிய இயந்திரத்திலும் பயன்படுவார்.

பிரிட்டனில் 2012இல் நடந்த பயிலரங்கு ஒன்றில் 'ஆய்வு மென்பொருள் பொறியாளர்' என்னும் பெயர் தோன்றிற்று. அதன் பின் அந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவும் அப்பெயரில் தனிக் குழுக்களை அமைத்தன. கட்டுரைகளின் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் அளக்காமல், ஒருவர் எழுதிய நிரலைப் பிறர் எவ்வளவு பயன்படுத்துகின்றனர் என்பதையும் பதவி உயர்வுக்குக் கணக்கில் கொள்வது அங்கு எழுந்த கோரிக்கைகளுள் முக்கியமானது. நம் தேசியத் திட்டத்திலும் பயிற்சிக்கு இடமளிக்கப்பட்டது. சென்னை, கரக்பூர், கோவா, பாலக்காடு ஐ.ஐ.டி.க்களில் பயிற்சி மையங்கள் ஏற்பட்டன. பயிற்சி பெற்றவர் அமரும் நாற்காலி எது என்பதே அடுத்து எழும் கேள்வி.

இதற்குப் புதிய சட்டமோ புதிய நிறுவனமோ தேவையில்லை. கணிப்பொறிக்குப் பணம் கோரும் ஒவ்வொரு விண்ணப்பத்திலும் மின்சாரத்திற்கும் குளிரூட்டலுக்கும் ஆண்டுதோறும் எவ்வளவு ஆகும் என்று நிறுவனம் கணக்குக் காட்ட வேண்டியிருக்கிறது. அவ்விரு வரிகளுக்கும் கீழே மூன்றாவது வரியாக, இயந்திரத்தின் ஆயுள் முழுவதற்கும் பணியாற்றும் ஆய்வாளர்களின் ஊதியத்தையும் கேட்டுப் பெறலாம். விண்ணப்பப் படிவத்தை அச்சிடும் அலுவலகமே இம்மாற்றத்தைத் தொடங்க முடியும்.