மொழிபெயர்ப்பு வரிகளுக்கு அப்பால்: ரோட்டர்டாம் விழாவில் தமிழ்ப் படங்கள்

தமிழ்த் திரைப்படம் என்றாலே நம்மில் பலருக்கும் நினைவுக்கு வருவன தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வெளிவரும் பெரிய நடிகர்களின் படங்கள்தாம். நம் நாட்டுத் திரையரங்குகளில் அவற்றுக்குக் குறைவில்லை. ஆயினும், நம் ஊரை எட்டுவதற்கு முன்பே ஐரோப்பியத் திரைப்பட விழாக்களில் முதன்முதலாகத் திரையேறும் தமிழ்ப் படங்களும் உள்ளன. அவற்றைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் ஆங்கிலக் கட்டுரைகள் வழியாகவே நம்மை வந்தடைகின்றன. தமிழைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் மாணவர்களாகிய நாம் இப்படங்களை எவ்வாறு அணுகலாம்? நம்மால் மட்டுமே செய்யக்கூடிய பணி ஏதேனும் உண்டா? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விழாவும் அதன் புலியும்

நெதர்லாந்தின் துறைமுக நகரமான ரோட்டர்டாமில் 1972ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஹூப் பால்ஸ் என்பவரின் தலைமையில் இவ்விழா தொடங்கியது. முதல் நாள் இரவு படம் பார்க்க வந்தவர்கள் 17 பேர்தான் என்பர். நம் மொழிக்கழக நிகழ்ச்சிகளுக்குக் கூட்டம் வரவில்லையே என்று வருந்தும் செயலவையினர் இந்த எண்ணிக்கையை மனத்தில் வைத்துக்கொள்ளலாம்!

ஹாலிவுட்டின் எம்.ஜி.எம். நிறுவனத்துக்குச் சிங்கம் சின்னம். அதற்கு மறுமொழிபோல இவ்விழா புலியைத் தன் சின்னமாகக் கொண்டது. 1995ஆம் ஆண்டு முதல் வழங்கப்பட்டு வரும் புலி விருது, வளர்ந்து வரும் இயக்குநர்களுக்கு உரியது. புகழ்பெற்றவர்களை மேலும் புகழ்வதைவிடப் புதியவர்களைக் கண்டெடுப்பதே இதன் நோக்கம். 1988இல் பால்ஸ் மறைந்தார். அவர் பெயரால் அமைந்த நிதி, ஆசியா, ஆப்பிரிக்கா, இலத்தீன் அமெரிக்கா போன்ற பகுதிகளின் படைப்பாளிகளுக்குத் துணைநிற்கிறது.

தமிழ்ப் படங்களின் வருகை

இயக்குநர் ராமின் ‘பேரன்பு’ 2018ஆம் ஆண்டு இவ்விழாவில்தான் முதலில் திரையிடப்பட்டது. 2020இல் அருண் கார்த்திக்கின் ‘நசீர்’ புலி விருதுப் போட்டியில் இடம்பெற்று, ஆசியப் படங்களுக்கான நெட்பேக் விருதைப் பெற்றது. கோயம்புத்தூரில் துணிக்கடை விற்பனையாளராக வேலை செய்யும் ஓர் இசுலாமியரின் ஒரு நாள் வாழ்க்கையே இப்படம். இது எழுத்தாளர் திலீப்குமாரின் சிறுகதையைத் தழுவியது. குஜராத்தியைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் தமிழில் எழுதிய கதை, பால்ஸ் நிதியின் உதவியோடு படமாகி, நெதர்லாந்து வரை சென்றது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

அடுத்த ஆண்டே, 2021இல், பி.எஸ். வினோத்ராஜின் முதல் படமான ‘கூழாங்கல்’ புலி விருதை வென்றது. இவ்விருதைப் பெற்ற முதல் தமிழ்ப் படம் அதுவே. குடிகாரத் தந்தை ஒருவர் பள்ளியிலிருந்து மகனை இழுத்துக்கொண்டு, தாய்வீடு சென்றுவிட்ட மனைவியை அழைத்துவரப் போகிறார். திரும்பும்போது இருவரும் வறண்ட நிலத்தில் வெயிலில் நடக்கிறார்கள். கதை அவ்வளவுதான். 2025இல் வர்ஷா பரத்தின் முதல் படமான ‘பேட் கேர்ள்’ அதே போட்டியில் கலந்துகொண்டு நெட்பேக் விருதைப் பெற்றது. ‘நசீர்’ பெற்ற அதே விருது ஐந்தாண்டுகளில் மீண்டும் ஒரு தமிழ்ப் படத்துக்குக் கிடைத்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘கூழாங்கல்’ விருது வென்றது 2021 பிப்ரவரியில். இணைய ஒளிபரப்புத் தளத்தின் வழியாக அது பொதுமக்களை அடைந்ததோ 2023 அக்டோபரில். இடைப்பட்ட இரண்டரை ஆண்டுக்கு மேலான காலத்தில், விழாக்களில் பார்க்க வாய்ப்புக் கிடைத்தவர்கள் எழுதியவையே நமக்கு அப்படத்தின் முகமாக இருந்தன. அவர்களுள் பலர் தமிழ் அறியாதவர்கள். திரையின் அடியில் ஓடும் மொழிபெயர்ப்பு வரிகளை, அதாவது சப்டைட்டிலைப் படித்தே படத்தைப் புரிந்துகொண்டவர்கள்.

வரிகள் விட்டுவிடுபவை

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்றபின் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்றவள் நான். அங்கு மலாய், சீன நண்பர்களுக்குத் தமிழ்ப் பாடல்களுக்கும் வசனங்களுக்கும் பொருள் சொல்வது என் அன்றாட வேலைகளுள் ஒன்றாயிற்று. ஒரு சொல்லுக்குப் பொருள் சொல்லிவிடலாம். அந்தச் சொல்லின் பின்னால் நிற்கும் வாழ்க்கையைச் சொல்வதுதான் கடினம் என்பதை அப்போதே உணர்ந்தேன்.

வினோத்ராஜின் இரண்டாவது படமான ‘கொட்டுக்காளி’ 2024இல் பெர்லின் விழாவின் ‘ஃபோரம்’ பிரிவில் திரையிடப்பட்டது. வேறு சாதி இளைஞனை விரும்பும் மீனாவுக்குப் பேய் பிடித்திருப்பதாக நம்பி, அவளைப் பூசாரியிடம் ஓட்ட அழைத்துச் செல்கிறது குடும்பம். உடன் வருபவன் அவளை மணக்க முறையுள்ள பாண்டி. சீனத் தோழி ஒருத்தியுடன் இப்படத்தைப் பார்த்தேன். “இருவருக்கும் இன்னும் கல்யாணமே ஆகவில்லை. பிறகு ஏன் எல்லாரும் அவளை அவனுடைய பொருள் மாதிரி நினைக்கிறார்கள்?” என்று அவள் கேட்டாள். விடை ‘முறை’ என்ற ஒரு சொல்லில் இருக்கிறது. அது உறவையும் குறிக்கும்; உரிமையையும் குறிக்கும். பிறக்கும்போதே ஒரு பெண்ணின் மீது ஒருவனுக்கு உரிமை உண்டு என்று சொல்லிவிடும் அச்சொல்லை ஆங்கில வரி ஒன்றில் அடக்க இயலாது.

படத்தின் பெயரும் அப்படித்தான். ஆங்கிலத்தில் அது பிடிவாதக்காரப் பெண் என்னும் பொருளில் மாற்றப்பட்டுள்ளது. பொருள் சரிதான். ஆனால், பேய் பிடித்தவள் என்று சொல்லப்படும் ஒருத்தியைப் பற்றிய படத்தின் பெயரிலேயே ‘காளி’ ஒலிப்பதை நம் காது மட்டுமே கேட்கும். மீனாவோ படம் முழுவதும் ஏறக்குறைய வாய் திறப்பதே இல்லை. சுற்றியிருப்பவர்கள் பேசப் பேச அவளுடைய மௌனம் கனக்கிறது. அந்தப் பேச்சின் ஏச்சும் கிண்டலும் புரிந்தவர்களுக்கு அது இன்னும் கனக்கும்.

நம் மண்ணின் படங்கள்

விழாக்களின் பட்டியலில் படங்கள் பெரும்பாலும் நாட்டின் பெயரால்தான் அறியப்படுகின்றன. ஆகவே தமிழ்ப் படம் ஒன்று ‘சிங்கப்பூர்’ என்ற பெயருக்குக் கீழும் இருக்கலாம். எரிக் கூ இயக்கிய ‘மை மேஜிக்’ 2008ஆம் ஆண்டு கான் விழாவின் முதன்மைப் போட்டியில் இடம்பெற்ற முதல் சிங்கப்பூர்ப் படம். அதில் பேசப்படும் முக்கிய மொழி தமிழ். இயக்குநரோ தமிழர் அல்லர். கே. ராஜகோபாலின் ‘எ யெல்லோ பேர்ட்’ 2016இல் அதே கான் நகரில் விமர்சகர் வாரத்தில் திரையிடப்பட்டது.

மலேசியாவில் தீபக் குமரன் மேனனின் ‘செம்மண் சாலை’ 2005இல் வெளிவந்தது. அறுபதுகளின் இரப்பர்த் தோட்டத்தில், பல்கலைக்கழகம் செல்ல விரும்பும் சாந்தா என்ற பெண்ணின் கதை அது. இதைப் படிக்கும் நம்மில் பலருடைய பாட்டிமார் அக்கதைக்குள் இருக்கக்கூடும். தோட்டத்துத் தமிழின் ஓசையை அறிந்தவர்கள் நாம். அதைப் பற்றி எழுத வேறு யாரை எதிர்பார்ப்பது?

ஒரு பயிற்சி

இத்தகைய படத்தைப் பார்க்கும்போது மூன்று கேள்விகளைக் கையோடு வைத்துக்கொள்ளலாம். யார் யாரை எந்த உறவுப் பெயரால் அழைக்கிறார்? எந்த இடத்தில் ‘நீங்கள்’ ‘நீ’யாக மாறுகிறது? பின்னணியில் கேட்கும் எந்தப் பேச்சு அல்லது அறிவிப்பு கதைக்குப் பொருள் சேர்க்கிறது? ‘நசீர்’ படத்தில் ஒலிபெருக்கிப் பேச்சு தெருவின் இரைச்சலோடு கலந்தே வரும். அதை இரைச்சல் என்று விட்டுவிட்டால் படத்தின் பாதியை விட்டுவிடுவோம்.

இன்னொன்றும் செய்யலாம். பத்து நிமிடக் காட்சி ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் வசனங்களை மலாயில் மொழிபெயர்த்துப் பாருங்கள். ஆங்கிலத்தின் ‘யூ’ விழுங்கிவிடும் மரியாதை வேறுபாட்டை மலாயில் ஓரளவு காப்பாற்றலாம். அங்கே ‘காவ்’ என்பதும் ‘என்சிக்’ என்பதும் ஒன்றல்ல. தமிழும் மலாயும் அறிந்த நமக்கு இது கைவரும். நம் வகுப்புத் தோழர்கள் நம் மொழிப் படங்களை ஆங்கிலத்தின் துணையின்றிப் பார்க்க அது வழிசெய்யும்.

விருது ஒரு படத்துக்கு வாசலைத் திறந்துவிடுகிறது. அப்படம் எந்த மொழியில் பேசியது, அம்மொழிக்குள் என்ன சொன்னது என்பதைப் பதிவு செய்யும் பொறுப்பு விருதுக் குழுவுடையது அன்று. அடுத்த ஆண்டு இதழில் ‘செம்மண் சாலை’யைப் பற்றி யாராவது ஒரு மாணவர் எழுத முன்வந்தால், அப்பணி தொடங்கிவிட்டது என்று மகிழலாம்.