லேப்டாப்பில் லினக்ஸுக்கு இடம் பிரிக்கிறீர்களா?

பொத்தேரி ஸ்டேஷனில் இறங்குகிற பிள்ளைகளில் லேப்டாப் பை மாட்டாதவர்கள் குறைவு. எஸ்.ஆர்.எம். மாணவர்கள் தங்கும் ஹாஸ்டல்களிலும் வாடகை அறைகளிலும் விண்டோஸை வைத்துக்கொண்டே பக்கத்தில் உபுண்டு போடுவது வழக்கமான வேலை. டிஸ்க்கைப் பிரிக்கும்போது மென்பொருள் முரண்டு பிடித்தால் அதைத் திட்டாதீர்கள். விண்டோஸ் இன்னும் பிடியை விடவில்லை என்பதே பெரும்பாலும் காரணம்.

1. முதலில் பேக்கப். அதே லேப்டாப்பின் டி டிரைவில் போட்டு வைப்பது பேக்கப் ஆகாது. வெளி ஹார்ட் டிஸ்க் வேண்டும்.

2. சி டிரைவில் 200 ஜி.பி. காலியாக இருந்தும் டிஸ்க் மேனேஜ்மென்ட்டின் 'ஷ்ரிங்க் வால்யூம்' 15 ஜி.பி.தான் தருவேன் என்கிறதா? ஹைபர்னேஷன் ஃபைல், பேஜ் ஃபைல், சிஸ்டம் ரெஸ்டோர் போன்ற நகர்த்த முடியாதவை டிரைவின் நடுவில் உட்கார்ந்திருக்கும். மூன்றையும் தற்காலிகமாக அணைத்து, ரீஸ்டார்ட் செய்து, மறுபடி முயலுங்கள். கிடைத்த இடத்தை 'அன்அலோகேட்டட்' என்றே விட்டுவிடுங்கள். ஆசைப்பட்டு அதற்கு ஈ டிரைவ் என்று பெயர் வைத்துவிட்டால் உபுண்டு அதைக் காலி இடமாக எடுத்துக்கொள்ளாது.

3. டிஸ்க்கைப் பிரிக்கும் லினக்ஸ் மென்பொருளான ஜிபார்ட்டட், விண்டோஸ் டிரைவின் அளவை மாற்ற மறுத்தால் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' மேல் சந்தேகப்படுங்கள். ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் பாதித் தூக்கத்தில்தான் இருக்கும். பவர் ஆப்ஷன்ஸில் அதை நிறுத்துங்கள். அவசரத்துக்கு, ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் கொடுத்தால் முழுதாக அணையும்.

4. புது லேப்டாப்களில் டிஸ்க்கை என்கிரிப்ட் செய்யும் பிட்லாக்கர், நீங்கள் கேட்காமலே ஓடிக்கொண்டிருக்கலாம். அதன் 48 இலக்க ரெகவரி கீ பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். பயாஸில் கை வைக்கும் முன்பே ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். போனில் போட்டோ எடுத்தாலும் சரி, ஆனால் அந்த லேப்டாப்பிலேயே சேமிக்காதீர்கள். பிட்லாக்கரை அணைத்தால், டிக்ரிப்ட் ஆகி முடியும்வரை காத்திருங்கள்.

5. உபுண்டுவுக்கு டிஸ்க்கே தெரியவில்லையா? இன்டெல் லேப்டாப் என்றால் பயாஸில் 'ஆர்.எஸ்.டி.' அல்லது 'வி.எம்.டி.' இயங்குகிறதா என்று பாருங்கள். அதை ஏ.எச்.சி.ஐ.க்கு மாற்ற வேண்டும். சட்டென்று மாற்றினால் விண்டோஸ் நீலத் திரை காட்டும். விண்டோஸை சேஃப் மோடில் பூட் ஆகும்படி அமைத்துவிட்டு மாற்றுங்கள், ஒருமுறை சேஃப் மோடில் ஏறிய பிறகு சேஃப் மோட் அமைப்பை மட்டும் நீக்கிவிடுங்கள்.

6. ஜிபார்ட்டட்டில் ஒரு பார்ட்டிஷன் பக்கத்தில் சாவி படம் தெரிந்தால் அது பயன்பாட்டில் இருக்கிறது. வலது கிளிக் செய்து 'அன்மவுண்ட்', ஸ்வாப் என்றால் 'ஸ்வாப்ஆஃப்' கொடுங்கள். அளவு மாற்றுவது, நகர்த்துவது, அழிப்பது போன்றவை 'அப்ளை' அழுத்தும்வரை டிஸ்க்கில் நடக்காது. அதுவரை அவற்றைத் தைரியமாகத் தட்டிப் பார்க்கலாம்.

7. காலி இடம் ஒட்டியே இல்லாவிட்டால் பார்ட்டிஷனைப் பெரிதாக்க முடியாது. நடுவில் இருப்பதை நகர்த்த வேண்டும், அது மணிக்கணக்கில் ஓடலாம். சார்ஜரைப் பிடுங்காதீர்கள். பேட்டரி செத்த பழைய லேப்டாப் என்றால், கரன்ட் போகிற நேரத்தில் இந்த வேலையே வேண்டாம்.

8. 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் கொடுத்த மெஷின்கள் பலவற்றில் விண்டோஸோடு 'பாஸ்' லினக்ஸும் சேர்ந்தே வந்தது. அக்காவிடமிருந்து தம்பிக்கு வந்த அந்தக் காலத்து மெஷின் என்றால் டிஸ்க் எம்.பி.ஆர். முறையில் இருக்கலாம். அதில் நான்கு பிரைமரி பார்ட்டிஷன்தான். ஐந்தாவது கேட்டால் 'டைனமிக் டிஸ்க்' ஆக்கட்டுமா என்று விண்டோஸ் நைசாகக் கேட்கும். 'நோ' அழுத்துங்கள். நான்கில் ஒன்றைக் காலி செய்து, அங்கே 'எக்ஸ்டெண்டட்' போட்டு உள்ளே பிரித்துக்கொள்ளலாம்.

9. புது லேப்டாப்களில் 100 எம்.பி. அல்லது அதற்கு மேல் இருக்கும் இ.எஃப்.ஐ. பார்ட்டிஷனை ஃபார்மட் செய்யவே கூடாது. விண்டோஸ் பூட் ஆக வேண்டியது அதில்தான் இருக்கிறது. விண்டோஸும் உபுண்டுவும் அதைப் பகிர்ந்துகொள்ளும்.

10. பிறகு லினக்ஸ் வேண்டாம் என்று விண்டோஸிலிருந்து அந்த இடத்தை அழித்தால், அடுத்த முறை கறுப்புத் திரையில் 'கிரப்' என்று வந்து நிற்கலாம். இ.எஃப்.ஐ. லேப்டாப் என்றால் பயாஸின் பூட் வரிசையில் 'விண்டோஸ் பூட் மேனேஜரை' முதலில் வையுங்கள்.