மோட்டார் ஏன் சுத்தலை? மே, மைட், மஸ்ட் பாடம்

பிளேஸ்மென்ட் சீசன் வந்தாச்சு. போன மாசம் ஒரு மாக் இன்டர்வியூவில், "உங்க புராஜெக்ட் போர்டு டெமோவில் ஏன் நின்னு போச்சு?"ன்னு கேட்டாங்க. "தி ரெகுலேட்டர் ஃபெய்ல்டு"ன்னு டக்குனு சொன்னேன். "ஹவ் டு யூ நோ?" என்றார்கள். பதில் இல்லை. நான் செக் பண்ணவே இல்லை, வெறும் யூகம். எல்கேஜியிலிருந்து இங்கிலீஷ் மீடியம் படிச்சும், யூகத்தை யூகமா சொல்ல வரலை.

அதைச் சொல்லிக் கொடுத்தவர் எங்க ஊர் ராயகிரியின் மோட்டார் மெக்கானிக் அண்ணன். வீட்டுக் கிணத்துல சிங்கிள் ஃபேஸ் மோட்டார். சுவிட்ச் போட்டா உறுமுது, சுத்தலை. அண்ணன் பேசினதை அப்படியே இங்கிலீஷில் போட்டுப் பாருங்க.

1. "ஃபியூஸ் போயிருக்காது. உறுமுதுல்ல, கரன்ட் வருது."
தி ஃபியூஸ் கான்ட் ஹேவ் ப்ளோன். ஆதாரம் எதிரா இருந்தா கான்ட். இங்கே 'மஸ்ட் நாட்' போடாதீங்க. அது 'செய்யக்கூடாது' என்று தடுக்கிற சொல்.

2. "கெப்பாசிட்டர் போயிருக்கலாம், இல்லைன்னா பம்பு ஜாம் ஆகியிருக்கலாம்."
தி கெப்பாசிட்டர் மே ஹேவ் ஃபெய்ல்டு, ஆர் தி பம்ப் குட் ஹேவ் ஜாம்டு. ரெண்டுக்கும் வாய்ப்பு இருக்கு.

3. "காயில் எரிஞ்சிருந்தாலும் எரிஞ்சிருக்கும்."
தி வைண்டிங் மைட் ஹேவ் பர்ன்ட் அவுட். மே-யைவிட மைட்-ல் சந்தேகம் கொஞ்சம் கூட.

4. அண்ணன் மெயினை ஆஃப் பண்ணி ஷாஃப்டைக் கையால சுத்தினார். லேசா சுத்துச்சு, ஜாம் இல்லை. புது கெப்பாசிட்டர் மாட்டினார், மோட்டார் ஓடுச்சு. "அப்போ கெப்பாசிட்டர்தான் போயிருக்கணும்."
இட் மஸ்ட் ஹேவ் பீன் தி கெப்பாசிட்டர். ஆதாரம் கைக்கு வந்த பிறகுதான் மஸ்ட்.

இப்போ ஒரு ஷார்ட்கட். 'போயிருக்கலாம்' என்ற சொல்லைப் பிரிங்க: போய், இரு, லாம். நடுவில் இருக்கிற 'இரு'தான் இங்கிலீஷில் 'ஹேவ்'. அதுக்குப் பிறகு வினையின் மூன்றாம் வடிவம் வரும். 'மைட் பி வென்ட்' தப்பு, 'மைட் ஹேவ் கான்' சரி.

ஒரு எச்சரிக்கை. நம்ம 'லாம்' எல்லாத்துக்கும் வரும், 'கேன்' அப்படி வராது. மேற்கு மலையில மேகம் கறுத்தா, "இட் மே ரெய்ன் டுடே"ன்னு சொல்லுங்க. 'கேன்' பொதுவான இயல்புக்கு: லூஸ் கனெக்‌ஷன்ஸ் கேன் காஸ் ஃபயர்ஸ்.

இப்படிப் பேசினா தைரியம் இல்லாத மாதிரி தெரியுமோன்னு பயப்படாதீங்க. சென்னை வானிலை மையமே "மழை பெய்யக்கூடும்" என்றுதான் எழுதுது. ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐபிசிசி இதுக்கு அளவே வைத்திருக்கிறது. அவங்க அறிக்கையில் 'லைக்லி' என்றால் குறைந்தது 66 சதவீத வாய்ப்பு, 'வெரி லைக்லி' என்றால் குறைந்தது 90.

அடுத்த தடவை லேப் ரிப்போர்ட்டில் 'பிகாஸ்' எழுதும்முன் உங்களையே கேளுங்க: நான் இதைச் செக் பண்ணேனா, இல்லை யூகிச்சேனா? யூகம்னா ஒரு 'மே ஹேவ்' போடுங்க. "ஹவ் டு யூ நோ?" என்ற கேள்வி வந்தாலும் தைரியமா பதில் சொல்லலாம்.